ஓட்டுக் கூரையை மாற்றும் முன்: குமரி, செங்கோட்டை வட்டாரத்து வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம், தோவாளை, செங்கோட்டை வட்டாரங்களில் சீமை ஓடு (மங்களூர் ஓடு) வேய்ந்த வீடுகள் இன்னும் ஏராளமாக உள்ளன. கூரை ஒழுகத் தொடங்கியதும், எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ஷிங்கிள்ஸ் என்னும் தார்த்தகடு போடலாமா, தகர ஷீட் போடலாமா, கான்கிரீட்டுக்கே போய்விடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அப்போது வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பதில்கள் ஓட்டைவிட மரத்தைப் பற்றியே அதிகம் பேசும். அதற்கான காரணம் முதல் பதிலிலேயே விளங்கும்.

மழையில் கூரை ஒழுகுகிறது. முழுவதையும் மாற்றும் காலம் வந்துவிட்டதா?

ஒழுகுவது மட்டுமே அதற்குச் சான்றாகாது. நன்கு சுட்ட ஓட்டைக் கரையான் தின்னாது, வண்டு துளைக்காது. உடைந்தால் ஒற்றை ஓட்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். முதுமை அடைவது அதைத் தாங்கும் மரச்சட்டங்கள்தான்: முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் கழுக்கோல், அதன் குறுக்கே அடித்து ஓட்டை மாட்டும் ரீப்பர், கழுக்கோலைத் தாங்கும் உத்தரம். ஆகவே முதலில் ஒழுக்கின் தன்மையைக் கவனிக்க வேண்டும். மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஓரிடத்தில் சொட்டினால், அங்கே ஓடு உடைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. நெடுநேரம் பெய்த பிறகே சொட்டினால், இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் உள்ள தகரப் பாத்தி சருகால் அடைபட்டிருக்கலாம், அல்லது ஓடு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கியிருக்கலாம். காற்றோடு கூடிய சாரலில் மட்டும் நனைந்தால், ஓட்டின்மேல் ஓடு ஏறிப் படியும் அளவு போதவில்லை அல்லது முகட்டு ஓட்டின் சாந்து வெடித்துவிட்டது என்று பொருள். இவை மூன்றும் பழுதுபார்க்கக் கூடியவையே.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நீர் உள்ளே நுழையும் இடமும் அறைக்குள் சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நுழைந்த நீர் கழுக்கோலின் அடிப்பக்கமாக வழிந்து, ஏதேனும் ஒரு கணுவிலோ ஆணியிலோ தடைபட்ட பிறகே கீழே விழுகிறது. ஆகையால் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஒழுக்கு நிற்கவில்லை என்று ஆசாரியைக் குறை கூறுவதில் பயனில்லை.

அப்படியானால், மாற்றியே ஆக வேண்டும் என்பதை எப்படி அறிவது?

சற்றுத் தொலைவில் நின்று முகட்டின் கோட்டைப் பாருங்கள். அது நேராக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால், மோட்டு உத்தரமோ அதைத் தாங்கும் சட்டமோ வலுவிழந்திருக்கிறது. ஐயமிருந்தால் முகட்டின் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்துப் பார்க்கலாம். பிறகு உள்ளே வந்து, ஒரு திருப்புளியால் மரத்தை ஆங்காங்கே குத்திப் பார்க்க வேண்டும். முதலில் குத்த வேண்டிய இடங்கள், கழுக்கோல் சுவரின்மேல் அமரும் பகுதி, இறவாணத்து (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்து) நுனி, அடுக்களைப் புகை படாத மூலைகள் ஆகியவை. திருப்புளி அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த மரம் உள்ளே உளுத்துவிட்டது. தரையில் மாவுபோல் மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் வண்டு வேலை செய்கிறது. சுவரில் மண் கோடுகள் ஏறியிருந்தால் கரையான்.

இறவாணத்து நுனிகள் மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டுகளை வெட்டி, பக்கவாட்டில் புதுக் கட்டையைச் சேர்த்துப் பிணைக்கலாம். பத்துக் கழுக்கோல்களில் ஒன்றிரண்டு கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தாலோ, சுவரின்மேல் கிடக்கும் உத்தரமே உளுத்திருந்தாலோ, கழுக்கோல்கள் சுவரை வெளிப்புறமாகத் தள்ளிச் சுவரின் மேற்பகுதியில் நீண்ட விரிசல் விழுந்திருந்தாலோ, துண்டு துண்டாகச் செலவழிப்பதை நிறுத்திக் கூரையை முழுமையாகப் பிரிப்பதே சரி. இந்தக் கணக்கு எந்த விதிநூலிலும் உள்ளதன்று. ஆனால் அந்த அளவைத் தாண்டியபின் ஒட்டுப்போடும் கூலி புதுச் சட்டத்தின் கூலியை எட்டிவிடுகிறது.

ஓட்டின் நிலையை ஒலியால் அறியலாம். விரல் மடக்கித் தட்டும்போது கணீரென்றால் நல்ல ஓடு. மொத்தென்றால் விரிசல் கண்டது அல்லது சரியாகச் சுடப்படாதது. அடிப்பக்கம் பொருக்கு விட்டு உதிரும் ஓட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

சீமை ஓடு எத்தனை ஆண்டு தாங்கும்?

பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பிறகு கோழிக்கோட்டை அடுத்த பறோக்கிலும் திருச்சூர், கொல்லம் வட்டாரங்களிலும் அத்தொழில் பரவியது. அந்தப் பழைய சூளைகளின் முத்திரை பதித்த ஓடுகள் நம் பக்கத்து வீடுகளில் இன்றும் மழை தாங்குகின்றன. ஆகவே ஓட்டுக்கு வயது கேட்பதைவிட மரத்துக்கு வயது கேட்பதே பொருத்தம்.

புதுச் சட்டத்துக்கு மரம் நல்லதா, இரும்பு நல்லதா?

வைரம் பாய்ந்த ஆஞ்சிலி, பலா, தேக்கு ஆகியவை கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் மரத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் முற்றிய பனையின் வெளிப்புறக் கரும்பகுதியை அறுத்துக் கழுக்கோல் போடும் வழக்கம் உண்டு. சோற்றுப்பகுதி கலக்காமல் அறுத்தால் அது தலைமுறை தாங்கும். தென்னையிலும் முற்றிய மரத்தின் வெளிவட்டம் மட்டுமே பயன்படும். ரப்பர் மரம் தோட்டந்தோறும் கிடைக்கிறது என்பதற்காக அதை அப்படியே கூரைக்கு ஏற்றிவிடக் கூடாது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஊட்டிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டு மிக விரைவில் தின்றுவிடும்; பதப்படுத்திய மரமும் நனைந்தால் மருந்தை இழக்கும். மற்ற மரங்களுக்கு, அறுத்த முனைகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும், ஏற்றுவதற்கு முன்பே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது நம் பகுதியின் பழைய வழி. எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறை வேண்டும்.

இப்போது பெரும்பாலானோர் தேர்வது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாயில் செய்யும் டிரஸ் என்னும் கூரைச் சட்டம். கரையான் தொல்லை இல்லை, வேலையும் விரைவில் முடிகிறது. ஆனால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது என்பதை வெல்டிங் செய்பவர் சொல்லமாட்டார். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். அந்த இடங்களைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பெயின்ட்டை இருமுறை பூசிய பிறகே ஓடு ஏற்ற வேண்டும். குழாயின் திறந்த முனைகளைத் தகட்டால் அடைக்க வேண்டும். குழாயின் கனத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கனம் குறைந்த குழாயைப் போட்டு விலையைக் குறைப்பது எளிது, மேலே ஏறியபின் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஓட்டை எடுத்துவிட்டு ஷிங்கிள்ஸ் போடலாமா?

கேரளத்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஷிங்கிள்ஸைப் பார்த்துவிட்டு வருவோர் கேட்கும் கேள்வி இது. ஷிங்கிள்ஸ் என்பது கண்ணாடியிழைப் பாயில் தார் ஏற்றி, மேலே பொடிக்கல் பதித்த மெல்லிய தகடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக் கூரைகளில் பெருமளவுக்கு அதுவே காணப்படுகிறது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோதான் எடை. ஓடோ அதைப்போல மூன்றரை மடங்கு கனக்கும். இந்த எடைக்குறைவு உண்மையான நன்மையே.

ஆனால் ஷிங்கிள்ஸ் தன்னைத் தானே தாங்காது. ரீப்பரின்மேல் ஓட்டைப்போல் அதை மாட்ட முடியாது. கூரை முழுவதும் நீர் தாங்கும் பிளைவுட்டோ சிமென்ட் நார்ப்பலகையோ அடித்து, அதன்மேல் அடிவிரிப்பு விரித்து, பிறகே ஆணியால் பதிக்க வேண்டும். ஓடு இருந்தபோது இடுக்குகள் வழியாக வெளியேறிய வெக்கையும் ஈரமும் இனி வெளியேற வழியில்லை. ஆகவே இறவாணத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் திறப்புகள் விட வேண்டும். அதைச் செய்யாத வீட்டில் பலகை அடியிலிருந்து ஈரம் கோத்து ஊதிவிடும்; தாரும் வெப்பத்தில் விரைவில் வறளும். சரிவும் முக்கியம். 12 அடி கிடைநீளத்துக்கு 4 அடி ஏற்றம் இருந்தால் வழக்கமான முறையில் பதிக்கலாம். 2 அடி வரை தாழ்ந்தால் அடிவிரிப்பை இரட்டையாகப் போட வேண்டும். அதற்கும் தாழ்ந்த கூரைக்கு ஷிங்கிள்ஸ் ஆகாது. ஒரு தகட்டுக்கு நான்கு ஆணி என்பது வழக்கம். காற்று மிகுந்த இடத்தில் ஆறு அடிக்க வேண்டும். ஆணியின் தலை தகட்டின் மட்டத்தில் நிற்க வேண்டும், தகட்டைக் கிழித்து உள்ளே இறங்கக் கூடாது.

என் கருத்து கேட்டால், நல்ல ஓடு கையில் இருக்கும் வீட்டுக்காரர் மரத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே ஓட்டைத் திரும்ப வேய்வதே மலிவு. அடுத்த முறை பழுதுபார்ப்பதும் எளிது. ஷிங்கிள்ஸில் ஒரு தகடு கிழிந்தால் அதே நிறத்தில் மறுபடி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஏற்கெனவே ஷிங்கிள்ஸ் போட்டிருக்கிறோம். அதை எப்போது மாற்றுவது?

மழைநீர்ப் பாத்தியில் பொடிக்கல் மணல்போல் தேங்கத் தொடங்கினால் கவனிக்கத் தொடங்குங்கள். புதிதாகப் போட்டவுடன் சிறிது உதிர்வது இயல்பு. பல ஆண்டுகள் கழித்து உதிர்வது தேய்மானம். கூரையில் கருமையான வழுக்கைத் திட்டுகள் தெரிவதும், தகட்டின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருள்வதும், கையால் தூக்கினால் ஒட்டுப்பட்டை பிடிக்காமல் எளிதாக எழும்புவதும், உட்புறப் பலகையில் ஈரக்கறை படர்வதும் சேர்ந்து காணப்பட்டால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. ஒரு சரிவு மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். வெயில் நேராக அடிக்கும் சரிவு முதலில் போவது இயல்பு. பழையதன்மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்று சொல்வோரை ஏற்காதீர்கள். பழையதைப் பிரித்தால்தான் அடியிலுள்ள பலகையின் நிலை தெரியும்.

எங்கள் வீட்டில் சரிவான கான்கிரீட் மேல் அழகுக்காக ஓடு பதித்திருக்கிறது. அது ஒழுகினால்?

அங்கே மழையைத் தாங்குவது கான்கிரீட். ஓட்டை மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது. ஓட்டையும் அதன் அடிச்சாந்தையும் அகற்றி, கான்கிரீட்டின் விரிசலை அடைத்து, நீர்காப்புப் பூச்சுக் கொடுத்த பிறகே மறுபடி பதிக்க வேண்டும். அந்தக் கான்கிரீட்டில் ஆணியடித்து ஷிங்கிள்ஸ் பதிப்பது நூற்றுக்கணக்கான துளைகளை நாமே போடுவதாகும். மேற்கூரையின் அடியில் துருப்பிடித்த கம்பி தெரிந்து சிமென்ட் பெயர்ந்து விழுந்தால், கட்டடப் பொறியாளரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த மாதத்தில் கூரையைப் பிரிக்கலாம்?

நமக்கு இரண்டு மழைக்காலங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீள்கிறது. இடையில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழையும் உண்டு. எனவே மிஞ்சும் காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, அதாவது மலையாள மாதங்களான மகரமும் கும்பமும்தான். ஆசாரிகளும் கொத்தனார்களும் அந்த மாதங்களில் எளிதில் கிடைக்கமாட்டார்கள். ஆகவே துலா மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒழுக்குகளைக் குறித்துவைத்து, நவம்பரிலேயே ஆளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ரப்பர் மரங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலையுதிர்ப்பதால், தோட்டத்து நடுவில் உள்ள வீடுகளில் வேலை முடிந்ததும் பாத்திகளை ஒருமுறை வாரிவிட வேண்டும். எந்த மாதமானாலும் முழுக் கூரையையும் ஒரே நாளில் பிரிக்க வேண்டாம். முகட்டின் இரு பக்கமும் சேர்ந்த ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவதும், பெரிய தார்ப்பாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் போதும்.

எத்தனை ஓடு வாங்க வேண்டும்?

தரைப்பரப்பை வைத்துக் கணக்கிட்டால் குறையும். எடுத்துக்காட்டாக, இறவாணத்தையும் சேர்த்து 1,000 சதுர அடி மூட வேண்டிய வீட்டில் சரிவு 30 பாகையாக இருந்தால், சரிவின் உண்மைப் பரப்பு ஏறத்தாழ 1,155 சதுர அடி, அதாவது 107 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு என்றால் 1,600க்குச் சற்று மேல் வரும். உடைசலுக்கு நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 1,770 அளவில் வாங்கலாம். ஓடு ஒன்றுக்கு இரண்டரை கிலோ என்று வைத்தால் கூரையின்மேல் நான்கு டன் ஏறுகிறது. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். தகர ஷீட்டுக்குச் செய்த டிரஸ்ஸில் ஓடு ஏற்றக் கூடாது என்பது இதனால்தான். ரீப்பர்களின் இடைவெளி பெரும்பாலும் 32 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆனால் வாங்கிய ஓடுகளில் சிலவற்றைத் தரையில் அடுக்கி அளந்த பிறகே ரீப்பர் அடிக்க வேண்டும், ஏனெனில் சூளைக்குச் சூளை அளவு மாறுகிறது.

பழைய ஓட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். பாசியைத் தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பீய்ச்சும் இயந்திரத்தை மிக அருகில் வைத்துக் கழுவினால் மேற்பரப்பு பெயர்ந்துவிடும். பழையதும் புதியதும் அளவில் சரியாகப் பொருந்தாது என்பதால், பழையவற்றை ஒரு சரிவிலும் புதியவற்றை மறுசரிவிலும் வேய்வது நல்லது.

ஆரல்வாய்மொழிக் காற்றுக்கும் குரங்குக்கும் என்ன செய்வது?

முப்பந்தலில் காற்றாலைகள் எதற்காக நிற்கின்றனவோ அதே காற்றுதான் தோவாளை வட்டத்து ஓடுகளையும் கிளப்புகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது குமரியின் மேற்குப் பகுதியும் அதை உணர்ந்தது. காற்று முதலில் பிடிப்பது இறவாண வரிசையையும் முகட்டையும் கூரையின் பக்க ஓரங்களையும்தான். ஓட்டின் அடிப்பக்கத்துத் துளையில் ஜி.ஐ. கம்பியைக் கோத்து, இந்த வரிசைகளை ரீப்பரோடு கட்டிவிட வேண்டும். முகட்டு ஓட்டுக்கு வெறும் சிமென்ட் சாந்து வெடிக்கும். சுண்ணாம்பு கலந்தது அசைவைச் சற்றுத் தாங்கும். வீட்டின்மேல் சாயும் தென்னையை வைத்துக்கொண்டு புது ஓட்டுக்குச் செலவழிப்பதில் பொருளில்லை.

குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்தில் குரங்குகள் ஓட்டைத் தூக்கிப் பார்ப்பது அன்றாட நிகழ்ச்சி. கம்பியால் கட்டுவது அதற்கும் ஓரளவு உதவும். அடுக்களைக் கழிவை மூடிவைப்பது அதைவிட உதவும்.

வெக்கையைக் குறைக்க வழி உண்டா?

டிரஸ்ஸின்மேல் ஓடு போடும்போது அடியில் சீலிங் ஓட்டையும் வைத்து இரட்டை அடுக்காக வேயலாம். இடையில் காற்றுக்கு இடம் விட வேண்டும். எடை கூடும் என்பதை டிரஸ் செய்பவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கலாம், உடைக்காமல். அதன் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து நனைத்து, ஆணிகளை அறுத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். வேலையாட்கள் தூளைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். உடைந்த துண்டுகளை வழியில் பரப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

வேலை நடக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரையை ஒட்டிச் சென்றால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். ஈர ஓட்டின்மேல் யாரும் ஏறக் கூடாது. ஓட்டின் நடுவில் மிதிக்காமல், ரீப்பருக்கு மேலே கால் வைக்க வேண்டும். உயரமான வீட்டில் இடுப்புக்கயிறு கட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். ஓட்டை இரு சரிவுகளிலிருந்தும் சம அளவில் இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் காலிசெய்தால் மறுபக்கத்து எடை பழைய சட்டத்தைச் சாய்த்துவிடும். ஓட்டிடுக்கில் கதண்டும் தேளும் குடியிருப்பதுண்டு. முதல் வரிசையைக் கம்பால் தட்டிவிட்டு எடுக்கட்டும்.

ஓடும் மரமும் கேரளத்திலிருந்து வாங்கி வரலாமா?

வரலாம். களியக்காவிளை வழியாகவோ புளியரை வழியாகவோ வரும் வண்டியில் சரக்குப் பில் இருக்க வேண்டும். தேக்கு போன்ற மரங்களுக்கு வனத்துறையின் அனுமதிச்சீட்டும் வேண்டியிருக்கும். அதை விற்பவரே எடுத்துத் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மரத்தின் வகையும் அளவும், குழாயின் கனமும், கம்பி கட்டும் வரிசைகளும், பாத்தித் தகட்டின் வகையும், உடையும் ஓட்டுக்கு யார் பொறுப்பு என்பதும், பழைய மரம் யாருக்கு என்பதும். பிரித்த பிறகு எதிர்பாராத கெட்ட மரம் தென்பட்டால் கன அடிக்கு என்ன விலை என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரி விடுபடுவதால்தான் பாதி வேலையில் சண்டை வருகிறது. சட்டம் ஏறியதும் ஒரு பங்கு, ஓடு வேய்ந்ததும் ஒரு பங்கு எனக் கொடுத்துவிட்டு, பத்தில் ஒரு பங்கை முதல் கோடைமழை வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த மழையில் உள்ளிருந்து ஒரு டார்ச் விளக்குடன் ஒவ்வொரு கழுக்கோலின் அடிப்பக்கத்தையும் பார்த்து, ஈரம் கண்ட இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்து, மறுநாள் ஆசாரியிடம் காட்டி, சரிசெய்த பிறகு மீதியைத் தீர்க்கலாம். மீந்த ஓடுகளை விற்றுவிடாமல் சுவரோரம் செங்குத்தாக அடுக்கிவைக்கச் சொல்லுங்கள். அதே சூளையின் ஓடு அடுத்த ஆண்டு கடையில் இல்லாமல் போகலாம்.